முன்பே கண்டுபிடித்தவை: இல்லை

கல்லூரித் தேர்வுகள் முடிந்திருந்த ஒரு மே மாத மாலையில், இறுதியாண்டு கணினி அறிவியல் மாணவி ஒருத்தி பதினாறு பக்கக் காகிதக் கட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். முதல் இரண்டு ஆண்டுகள் நான் அவளுக்குப் பொதுத்தமிழ் நடத்தியிருந்தேன். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் கிராமம் அவளுடையது. அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வருகிறவர். அதே ஊருக்கு மகள் கணினி வேலைக்குப் போகிறாள். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்பது தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துக் குடுங்கம்மா. கடைசிப் பக்கம் மட்டும் புரியல. எல்லாரும் ‘நில்’னு போட்டுட்டாங்களாம்.”

அந்தக் கடைசிப் பக்கத்தின் தலைப்பைத் தமிழாக்கினால் ‘முன்பே கண்டுபிடித்தவை’ என்று வரும். அதற்குக் கீழே நான்கு வெற்றுக் கோடுகள். வேலையில் சேர்வதற்கு முன் நீ உருவாக்கியதும் உனக்கே உரியதுமான ஏதாவது இருந்தால் இங்கே எழுது. எழுதாவிட்டால் அப்படி எதுவும் இல்லை என்று கொள்ளப்படும். அதற்கு முந்தைய பக்கங்கள், இனி அவள் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதை விதவிதமான வாக்கியங்களில் சொல்லியிருந்தன.

“உனக்கு எழுத ஏதாவது இருக்கா?”

“இல்லம்மா” என்றாள் உடனே. கொஞ்சம் பொறுத்து, “அந்தக் கோலம் புராஜெக்ட் ஒண்ணு இருக்கு. அது கணக்குல வருமா?” என்று கேட்டாள்.

அந்தக் கோலத்தை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா சந்துப்புள்ளியா என்று சொன்னால் போதும். திரையில் சிக்குக் கோலம் தானாக வளைந்து வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அதற்கான விதிகளை அவள் எடுத்தது தன் ஆயாவின் கோல நோட்டிலிருந்து. ஆயாவுக்கு எழுதத் தெரியாது. நோட்டு முழுக்கப் புள்ளிகளும் கோடுகளும்தான். எங்கே தொடங்கினால் கையை எடுக்காமல் முடிக்கலாம், எந்த இடத்தில் திரும்பினால் ஒரு புள்ளி விட்டுப்போகும் என்பதெல்லாம் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொன்னவை.

“அது என்னோடதா ஆயாவோடதான்னே தெரியல. கோலத்தப் போயி கண்டுபிடிச்சேன்னு எழுதினா சிரிப்பாங்க இல்லம்மா?”

நான் தமிழ் படித்தவள். அன்று என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் தொடங்கிய வாசிப்பு இன்னும் முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த நான்கு கோடுகளைப் பற்றியது.

*

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தமிழில் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு உரிமைகளுக்கும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். கவிதைக்கும் கதைக்கும் இருப்பதைப் பதிப்புரிமை என்றும், கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட் என்று வழங்குவதைக் காப்புரிமை என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன்.

கோலத்தை வைத்தே வேறுபாட்டைச் சொல்லலாம். நான் வரைந்து அச்சிட்ட கோலத்தை நீங்கள் அப்படியே நகலெடுத்து விற்றால் அது பதிப்புரிமை மீறல். அதே கோலத்தை நீங்கள் உங்கள் வாசலில் சொந்தமாக யோசித்துப் போட்டிருந்தால் என் உரிமை உங்களைத் தொடாது. காப்புரிமை அப்படி இல்லை. ‘புள்ளியைச் சுற்றிக் கோட்டை வளைக்கும் இந்த முறை’ ஒருவருக்கு வழங்கப்பட்டுவிட்டால், அதை நீங்கள் தனியாகவே கண்டடைந்திருந்தாலும், 20 ஆண்டுகளுக்கு அவர் அனுமதியில்லாமல் அந்த முறையைத் தொழிலுக்குப் பயன்படுத்த முடியாது. பதிப்புரிமை எழுத்தைக் காக்கிறது. காப்புரிமை வழியையே அடைக்கிறது.

மென்பொருளில் இது எப்படி இருக்கும்? ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமெரிக்காவில் 1999 செப்டம்பரில் அமேசான் நிறுவனம் காப்புரிமை பெற்றது. முகவரியையும் பண அட்டை எண்ணையும் முன்பே சேமித்துவைத்து, ஒரு பொத்தானை ஒரு முறை அழுத்தினால் வாங்கி முடித்துவிடும் அந்த வழி, 2017 வரை அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் வேலிக்குள் இருந்தது. வழக்கமாக வரும் வாடிக்கையாளரிடம் ‘கணக்குல எழுதிக்கிறேன்’ என்று சொல்லிப் பொருளை எடுத்துக் கொடுக்கும் மளிகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள்.

*

இந்தியாவில் எது கண்டுபிடிப்பு என்பதைவிட எது கண்டுபிடிப்பு ஆகாது என்பதைச் சொல்லும் பகுதிதான் படிக்கச் சுவையானது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அது. ஆங்கில எழுத்து வரிசையில் உட்பிரிவுகள். இடையில் ஒன்று நீக்கப்பட்டதால் மிச்சம் 15. பாடலைப் படிப்பதுபோல அந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வேளாண்மை முறையும் தோட்டக்கலை முறையும் கண்டுபிடிப்பு அல்ல. மனிதருக்கும் விலங்குக்கும் செய்யும் மருத்துவ முறை அல்ல. செடி, விலங்கு, விதை அல்ல. கணிதமுறையும் வணிகமுறையும் கணினி நிரலும் படிமுறைத் தீர்வும் அல்ல. இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் அல்ல. மனத்தால் செய்யும் செயலின் முறையோ விளையாட்டு விளையாடும் முறையோ அல்ல. கடைசி உட்பிரிவு: விளைவில் மரபு அறிவாக இருப்பது எதுவும் கண்டுபிடிப்பு அல்ல.

படித்து முடித்தபோது எங்கள் தெருவையே யாரோ கணக்கெடுத்ததுபோல் இருந்தது. ராகியோடு அவரையை ஊடுபயிராக விடும் கணக்கு, செம்மண் பூசிக் காயவைத்து எடுத்துவைத்த விதைத் துவரை, பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் கை, பல்லாங்குழி ஆட்டம், ஒப்பாரிப் பாட்டு, மாதச் சீட்டுக் கணக்கை மனதிலேயே போடும் பக்கத்து வீட்டுப் பெண், வாசல் கோலம். எனக்குத் தெரிந்த பெண்கள் வாழ்நாள் முழுக்க யோசித்துச் செய்தவற்றில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் எங்கோ ஒரு வரியில் வந்துவிடுகிறது. அந்த மாணவியின் செயல்திட்டமோ ஒரே நேரத்தில் மூன்று வரிகளில் உட்காருகிறது: நிரல், ஓவியம், மரபு அறிவு.

முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெண்களின் அறிவை ‘ஆகாதவை’ என்று ஒதுக்கிவைத்த பட்டியல் என்று பட்டது. இரண்டாம் வாசிப்பில் கோபம் இடம் மாறியது. இந்தப் பட்டியல் ஒரு பொதுநிலம். இதில் இருப்பதை யாரும் வேலி போட முடியாது. புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்ததும், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதிசெய்ததும் இதே 3ஆம் பிரிவின் இன்னொரு வரியைக் கொண்டுதான். தெரிந்த மருந்தின் புது வடிவம், குணமாக்கும் திறன் கூடாதவரை, புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அந்த வரி. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்தை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் இந்திய நிறுவனங்கள் தொடர்ந்து தர முடிந்தது. ‘ஆகாது’ என்ற சொல் சில வேளை உயிரையும் காக்கிறது.

*

ஆனால் பொதுநிலத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே மரியாதை கிடைப்பதில்லை. மென்பொருள் கதை இங்கேதான் நமக்குப் பாடமாகிறது.

கணினி நிரலும் மரபு அறிவும் இந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது ஒரே நாளில். 2002ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 2003 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தபோது இரண்டும் சேர்க்கப்பட்டன. நிரலுக்கு மட்டும் ஓர் அடைமொழி தரப்பட்டது. ‘பெர் சே’ என்ற இலத்தீன் சொல். தமிழில் ‘தன்னளவில்’ என்று சொல்லலாம். கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பு அல்ல. அப்படியானால் தன்னளவைத் தாண்டிய நிரல்? அந்த ஒரு சொல்லில் ஒரு கதவு இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளின் வழக்காடல் முழுவதும் அந்தக் கதவின் அகலத்தைப் பற்றியதுதான்.

2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் கதவை அகலத் திறந்தது. தொழில்துறையில் தொழில்நுட்பப் பயன்பாடு கொண்ட நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்றது. இடதுசாரிக் கட்சிகளும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் எதிர்த்தார்கள். 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த வாசகத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமை பற்றிய ஒரு நெறிமுறையை 648க்கு 14 என்ற வாக்குகளில் நிராகரித்தது.

சட்டத்தில் தோற்றது வழிகாட்டு நெறிகளில் திரும்ப வந்தது. காப்புரிமை அலுவலகம் 2015 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிகள் கதவைத் தளர்த்தின. எதிர்ப்பு எழுந்ததால் டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன. 2016இல் வந்தவை, நிரலோடு புதிய வன்பொருளும் இருந்தால்தான் ஆகும் என்று இறுக்கின. 2017இல் அந்த நிபந்தனை போனது. 2025இல் நெறிகள் மறுபடியும் மாறின.

நடுவில், 2019 டிசம்பரில், தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. துனீசியாவைச் சேர்ந்த ஃபெரீத் அல்லானி 2002இல் இந்தியாவில் தந்த விண்ணப்பம் பற்றிய வழக்கு அது. நீதிபதி பிரதிபா எம். சிங், ‘தன்னளவில்’ என்ற சொல் உண்மையான கண்டுபிடிப்புகள் மறுக்கப்படாமல் இருக்கவே சேர்க்கப்பட்டது என்றார். தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இன்று நிரல் இல்லாத பொருளே அரிது என்பதற்கு அவர் எடுத்துக்காட்டியவற்றில் காரோடு நுண்ணலை அடுப்பும் துணி துவைக்கும் எந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் இருந்தன.

அவர் வாதத்தில் நியாயம் உண்டு. துவைக்கும் எந்திரத்துக்குள் இருக்கும் நல்ல யோசனை, அது நிரல் வடிவில் இருப்பதாலேயே மதிப்பிழந்துவிடக் கூடாது. ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு வேறொன்றும் தெரிகிறது. அடுக்களைக்குள் வந்த எந்திரத்தின் யோசனைக்கு ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறக்க வழக்கறிஞர்களும் நெறிமுறைகளும் தீர்ப்புகளும் வரிசையில் நிற்கின்றன. அடுக்களையில் இருந்த கையின் யோசனைக்கு ‘மரபு’ என்ற ஒரே பெயர். மரபு என்றால் ஆள் இல்லை என்று பொருளாகிவிடுகிறது. நிரலுக்கு எழுதியவர் உண்டு. கோலத்துக்குப் பழக்கம் மட்டுமே உண்டு.

*

ஆள் இல்லை என்று கருதுவதால் என்ன நேரும் என்பதற்கு மஞ்சள் ஒரு சாட்சி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வயலில் விளைவது. வெட்டுக்காயத்தில் அப்புவதற்கு எந்த வீட்டிலும் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்காகக் காப்புரிமை வழங்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களாகப் பதிவானவர்கள் இந்திய வம்சாவளி ஆண்கள் இருவர். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது.

வெற்றிக் கதையாகவே இதை நாம் பாடப்புத்தகங்களில் சொல்கிறோம். எப்படி வென்றோம் என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் அன்றிருந்த விதிப்படி, ஒரு முறை அமெரிக்காவுக்குள் புழக்கத்தில் இருந்தால் அதுவே போதுமான சாட்சி. வெளிநாட்டில் இருந்ததென்றால் அச்சில் காட்ட வேண்டும். எனவே சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களிலிருந்தும் ஆய்விதழ்களிலிருந்தும் மேற்கோள்களைத் திரட்டித்தான் வாதாட முடிந்தது. கோடிக்கணக்கான பெண்கள் தினமும் செய்வது சாட்சியாகவில்லை. யாரோ எழுதிவைத்தது சாட்சியானது. அந்த விதி 2013இல்தான் மாறியது. 2001இல் இந்தியா தொடங்கிய மரபு அறிவு மின்னூலகமும் சித்தம், ஆயுர்வேதம், யுனானி என்று நூலில் இருப்பதைத் தொகுத்தே எழுந்தது. ஏட்டில் ஏறாத மருத்துவச்சிக்கு அதிலும் இடம் கிடைப்பது கடினம்.

நம் சட்டம் இந்த ஒரு இடத்தில் மேலானது. யார் வேண்டுமானாலும் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்க்கலாம் என்று சொல்லும் 25ஆம் பிரிவு, எதிர்ப்புக்கான காரணங்களில் ஒன்றாக, உள்ளூர்ச் சமூகத்திலோ பழங்குடிச் சமூகத்திலோ வாய்மொழியாகவோ வேறு வழியிலோ இருக்கும் அறிவையும் ஏற்கிறது. ‘வாய்மொழியாக’ என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஆயா வாயால் சொன்னது சட்டத்தின் முன் சாட்சியாகும் என்பதற்கு அது ஆதாரம். 2024இல் வந்த விதித்திருத்தம், எதிர்ப்பு விசாரணைக்கு ஏற்கத்தக்கதா என்று அலுவலர் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு படியைக் கூட்டியிருக்கிறது. அந்தப் படி உயராமல் பார்த்துக்கொள்வதும் பெண்ணியத்தின் வேலைதான்.

*

இனி அந்த மாணவியின் பக்கத்துக்கு வருகிறேன். அவள் எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘இலக்கியப் படைப்பு’. 1984 திருத்தத்தில் கணினி நிரலையும் இலக்கியத்தோடு சேர்த்தார்கள். இருபது ஆண்டுகளாகக் கவிதை எழுதுகிற நானும் அவளும் சட்டத்தின் பார்வையில் ஒரே சாதி எழுத்தாளர்கள். வேறுபாடு அதற்கு அடுத்த பிரிவுகளில் வருகிறது. என் கவிதை என் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் என்னுடையது, என் வாரிசுகளுடையது. அவள் வேலையில் எழுதும் நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளி. 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. காப்புரிமைச் சட்டத்தில் ஊழியரின் கண்டுபிடிப்பு பற்றி இப்படித் தெளிவான விதி இல்லை. கண்டுபிடித்தவரோ அவரிடமிருந்து எழுதி வாங்கியவரோ விண்ணப்பிக்கலாம். ஆகவே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பதினாறு பக்கமும் அதற்காகத்தான்.

வேலைக்குச் சம்பளம் வாங்குகிறாள், வேலையில் செய்தது நிறுவனத்துக்குப் போகட்டும். அதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. வேலைக்கு முன்பு செய்ததற்கு ‘இல்லை’ என்று அவளே கைப்பட எழுதுவதுதான் உறுத்தியது. பின்னால் ஒருநாள் பிணக்கு வந்தால் அது அவளுக்கு எதிராக அவளே கொடுத்த சாட்சி. ஆங்கிலத்தில் ‘நில்’ என்றால் ஒன்றுமில்லை. தமிழில் படித்தால் அது ஓர் ஏவல்.

கோலத்தைப் போய் யார் கணக்கில் எடுப்பார்கள் என்று அவள் கேட்டாள் அல்லவா? எடுத்தவர்கள் இருக்கிறார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினியியலின் முறைசார் இலக்கணமாக ஆராய்ந்து 1974இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். கட்டுரைத் தலைப்பில் உள்ள கலைச்சொல்லைத் தமிழாக்கினால் ‘அணி இலக்கணம்’ என்று வருகிறது. எங்கள் துறைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும், இலக்கணம் ஐந்தில் ஐந்தாவது அதுதானே. வாசலில் குனிந்திருக்கும் பெண் மனதில் ஓடுவது விதிகளின் வரிசை என்பதை அவர்கள் எழுதிக் காட்டினார்கள். எழுதி வெளியிட்டதால் அந்த அறிவு உலகத்துக்கே பொதுவானது. பொதுவான பிறகும் அவர்கள் பெயர் அதோடு இருக்கிறது.

பொதுவாக்குவது என்றால் பெயரை அழிப்பதாகவோ கூலியை மறுப்பதாகவோ இருக்க வேண்டியதில்லை. தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. பாரதியின் பாடல்களை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கிப் பொதுவுடைமையாக்கியது. அப்போது செல்லம்மாளுக்கும் மகள்கள் தங்கம்மாளுக்கும் சகுந்தலாவுக்கும் தலைக்கு 5,000 ரூபாய் தரப்பட்டது. தொகை போதுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பாட்டு எல்லோருக்கும் ஆனது, கவிஞன் பெயர் நின்றது, வறுமையில் அந்தப் பாட்டைக் கட்டிக்காத்த பெண்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து நடக்கக்கூடியவை என்பதற்கு அது சான்று.

*

என் தோழிகள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். பெண்கள் இன்னும் அதிகமாகக் காப்புரிமை வாங்க வேண்டும், பொதுநிலம் என்று பேசிப் பெண்ணை மறுபடியும் கூலியில்லா வேலைக்கு அனுப்பாதே என்பார்கள். வாதம் வலுவானது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் கணக்கில், பன்னாட்டு விண்ணப்பங்களில் பெயர் வரும் கண்டுபிடிப்பாளர்களில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இந்தியாவில் 2019 முதல், விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம் என்ற விதியும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் சலுகை விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு. நிறுவனத்தின் பேரில் விண்ணப்பம் போகும்போது, உள்ளே உட்கார்ந்து கண்டுபிடித்த பெண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை. பேருந்தில் பெண்கள் இருக்கை போட்டாயிற்று. பெண் பேருந்துக்குள் ஏறவே இல்லை.

புதிய மருந்தோ கருவியோ கண்டுபிடிக்கும் பெண் காப்புரிமை கேட்கட்டும், வாங்கட்டும். கோலத்துக்கும் விதைக்கும் நிரலின் அடிப்படை விதிகளுக்கும் நான் கேட்பது வேறு. வேலி வேண்டாம், பெயர் வேண்டும். உடைமையையும் பெயரையும் ஒரே முடிச்சாகப் போட்டு, உடைமையாளருக்கு மட்டுமே பெயர் என்று ஆக்கியதுதான் பிழை. முடிச்சை அவிழ்க்க முடியும் என்று காட்டியவர்கள் மென்பொருள் எழுதுகிறவர்களிலேயே இருக்கிறார்கள். 1989இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனு பொது உரிமம், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிறது. ஆனால் எழுதியவரின் உரிமைக் குறிப்பை நீக்காதே, நீ மாற்றியதைப் பரப்பினால் அதையும் இதேபோல் திறந்துவை என்று நிபந்தனை போடுகிறது. நாங்கள் தமிழ் தட்டச்சப் பழகிய எ-கலப்பை அப்படிப்பட்ட உரிமத்தில் வந்த மென்பொருள்தான். கலப்பை என்று பெயர் வைத்தவருக்கு ஊர் நினைவு இருந்திருக்கும். ஊரில் கலப்பையைக் கேட்டால் கொடுப்பார்கள். யார் வீட்டுக் கலப்பை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வு இந்த மாவட்டத்துப் பெண்களின் ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. பதினொரு பெண்கள் எனக்குப் பாடிக் காட்டினார்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ‘தகவலாளர்கள்’ என்ற தலைப்பில் அவர்கள் பெயர், வயது, ஊர் இருந்தது. ஆய்வேடு நூலானபோது பக்கம் கூடுகிறது, பின்னிணைப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன். நூலின் இரண்டாம் பக்கத்தில் பதிப்புரிமை என் பெயரில் இருக்கிறது. இழவு வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல் சேர்த்தவர்கள் யாரும் அந்தப் புத்தகத்தில் இல்லை. எந்த நிறுவனமும் செய்யவில்லை இதை. ஒரு பெண் கவிஞர் செய்தேன். கோலப் பக்கத்தில் அந்த மாணவி ‘இல்லை’ என்று எழுதப் போனது, நான் ஏற்கெனவே எழுதியிருந்த ‘இல்லை’யின் நகல்.

*

மூன்றாம் நாள் அவள் வந்தபோது சட்ட ஆலோசனை எதையும் நான் சொல்லவில்லை, படித்ததைச் சொன்னேன். வேலையில் சேரும் முன்பே நிரலைத் தேதியோடு பொதுவில் வெளியிட்டால், பின்னால் யாரும் அதைப் புதிது என்று காப்புரிமை கேட்பது கடினம். பொது உரிமத்தில் வெளியிட்டால் பெயரும் நிற்கும். அந்தக் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடாதே. இந்த மூன்றுதான். இதைப் படிக்கும் மாணவிகளுக்கும் கையெழுத்துப் போடும் முன் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அவள் ஆயாவிடம் பெயர் போடலாமா என்று கேட்டிருக்கிறாள். “எம் பேரு எதுக்குடி? எங்கம்மா போட்டுக் காட்டினது” என்றாராம் ஆயா. இவள் ஆயாவின் அம்மா பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தப் பெயரை எழுத்தில் யாரும் பார்த்தது அதுதான் முதல் முறை.

நிரலை வெளியிட்டாள். ஒப்பந்தத்தின் நான்கு கோடுகளில் மூன்றை நிரப்பினாள்: சிக்குக் கோலம் வரையும் நிரல், பொது உரிமத்தில் வெளியிட்டது, விதிகள் இன்னார், அவர் தாயார் இன்னார் சொன்னவை. பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. அவள் இப்போது அந்த நிறுவனத்தின் ஊழியர்; எங்கே எழுதுவது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்டேன், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று.

“அந்தப் பக்கத்த யாரும் பாக்கவே இல்லம்மா. வாங்கி ஃபைல்ல வச்சுக்கிட்டாங்க.”

இருக்கட்டும். ஃபைலில் இருக்கிறது. என் பங்குக்கு, பழைய ஆய்வேட்டை எடுத்து அந்தப் பதினொரு பெயர்களையும் தட்டச்சு செய்துவைத்திருக்கிறேன். நால்வர் இப்போது உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் போய், பெயர் போடட்டுமா என்று அவர்களிடம் கேட்க வேண்டும். முதல் முறை போனபோது அதைக் கேட்கவில்லை; பாட்டை மட்டும்தான் கேட்டேன்.